'விட' என்பதை ஆங்கிலத்தில் சொல்வது: ஒப்பீட்டுப் பெயரடைகளுக்கு ஒரு வழிகாட்டி

மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்க வரும் மாணவி ஒருவர், தம் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரிகள் எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரி 'மை சிஸ்டர் இஸ் மோர் ஓல்டர் தேன் மீ' என்று இருந்தது. ஏழாவது வரியில் 'ஆட்டோ இஸ் காஸ்ட்லி தேன் பஸ்' என்று எழுதியிருந்தார். மூன்றாவது வரியில் ஒப்பீட்டின் அடையாளம் இருமுறை வந்துவிட்டது; ஏழாவதில் பெயரடையின் மேல் ஒருமுறைகூட வரவில்லை. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தெரியும் இந்த இரண்டு பிழைகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. அந்த வேரைக் கண்டுகொண்டால், நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்யும் பாடு பெருமளவு குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

தமிழில் 'அக்கா என்னை விடப் பெரியவள்' என்கிறோம். யாரோடும் ஒப்பிடாமல் சொன்னாலும் 'அக்கா பெரியவள்' என்றுதான் சொல்கிறோம். 'பெரியவள்' என்ற சொல் ஒப்பீட்டினால் சிறிதும் மாறவில்லை; வேலை முழுவதையும் 'விட' என்ற சொல்லே செய்துவிடுகிறது. ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளுக்கு நம் இலக்கண உரைகள் காட்டும் 'காக்கையிற் கரிது களம்பழம்' என்ற தொடரிலும் 'கரிது' மாறாமல் நிற்கிறது. காக்கையோடு சேர்ந்த உருபுதான் ஒப்பீட்டைச் சுமக்கிறது. ஆங்கிலமோ ஒப்பீட்டை இரண்டு இடங்களில் காட்டச் சொல்கிறது. பெயரடையும் உருமாற வேண்டும். 'விட' என்பதற்கு இணையான 'தேன்' என்ற சொல்லும் வர வேண்டும். ஒரே இடத்தில் அடையாளமிட்டுப் பழகியவர்கள் பெயரடையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'மாற்ற வேண்டும்' என்ற எச்சரிக்கை மனத்தில் பதிந்தவர்கள் இருமுறை மாற்றிவிடுகிறார்கள்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். இங்கே ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒரு நோட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். 'தேன்' என்று நான் குறிப்பது டி, எச், ஏ, என் என்ற நான்கு எழுத்துகள் கொண்ட சொல். 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' எழுதினால் அது 'பிறகு' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். தேர்வுத் தாள்களில் நான் அதிகம் சிவப்பு மை இடும் எழுத்துப் பிழைகளில் இதுவும் ஒன்று.

முதல் படி: வாக்கியத்தைத் திருப்பிப் போடுதல்

'பஸ்ஸை விட ரயில் மலிவு' என்ற வாக்கியத்தில், எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பஸ் முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் அது கடைசிக்குப் போய்விட வேண்டும்: 'தி டிரெயின் இஸ் சீப்பர் தேன் தி பஸ்'. எனவே தமிழில் தோன்றும் வாக்கியத்தில் 'விட' ஒட்டியிருக்கும் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். பிறகு, கோடு போடாத பெயரை முதலில் எழுதி, 'இஸ்' அல்லது 'ஆர்' சேர்த்து, மாறிய பெயரடையை எழுதி, 'தேன்' போட்டு, கோடு போட்ட பெயரைக் கடைசியில் வையுங்கள். 'தேன்' பெயருக்கு முன்னால் வரும், 'விட' பெயருக்குப் பின்னால் வரும் என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகுவதற்குத்தான் இந்தக் கோடு. இருபது வாக்கியங்களுக்குப் பிறகு அது தேவைப்படாது.

இரண்டாம் படி: அசையை எண்ணுதல்

பெயரடையை மாற்ற ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. சொல்லின் இறுதியில் ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பது ஒரு வழி. சொல்லை மாற்றாமல் அதற்கு முன்னால் 'மோர்' என்று எழுதுவது மற்றொரு வழி. எந்தச் சொல்லுக்கு எந்த வழி என்பதைப் பெரும்பாலும் சொல்லின் நீளமே முடிவு செய்கிறது. நீளம் என்பது இங்கே எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. வாய் எத்தனை முறை திறக்கிறது என்பதே கணக்கு. அதை அசை என்று சொல்லலாம். யாப்பில் வரும் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புறங்கையைத் தாடைக்குக் கீழே தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு சொல்லை உச்சரியுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசைகள். 'பியூட்டிஃபுல்' என்றால் மூன்று முறை இறங்கும். 'லாங்' என்றால் ஒரு முறை.

இங்கே தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் இருப்பதால், சற்று நின்று பார்க்க வேண்டும். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது நம் நாவுக்கு இயல்பு இல்லை. ஆகவே 'ஓல்ட்', 'கோல்ட்', 'ஃபாஸ்ட்' என்ற சொற்களின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து 'ஓல்டு', 'கோல்டு', 'ஃபாஸ்டு' என்கிறோம். அப்படிச் சொல்லிக்கொண்டு எண்ணினால் ஓர் அசைச் சொல் ஈரசைச் சொல்லாகக் காதில் விழும். கணக்குத் தவறி 'மோர் கோல்டு' என்று எழுதத் தோன்றும். 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் நீளமாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஓர் அசைதான். ஆகவே எண்ணும்போது மட்டுமாவது கடைசி உகரத்தை விழுங்கிவிட்டு எண்ணுங்கள்.

ஓர் அசையுள்ள சொற்கள் ஈ-ஆர் பெறும்: ஓல்டர், கோல்டர், ஃபாஸ்டர், சீப்பர், லாங்கர். மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ளவை 'மோர்' பெறும்: மோர் பியூட்டிஃபுல், மோர் எக்ஸ்பென்சிவ், மோர் டிஃபிகல்ட். இடையில் நிற்கும் ஈரசைச் சொற்களை நான்காம் படியில் பார்ப்போம்.

'லாங்கர்', 'ஸ்ட்ராங்கர்', 'யங்கர்' ஆகிய மூன்றிலும் 'ங்க' என்ற ஒலி தமிழில் 'சங்கம்' என்று சொல்வதுபோலத் தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த ஒலி நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது என்பதால் இதைத் தனியே கற்க வேண்டியதே இல்லை.

மூன்றாம் படி: எழுத்துக்கூட்டு

ஈ-ஆர் சேர்க்கும்போது நேரும் பிழைகளில் மிகுதியானவை இங்கேதான். 'லார்ஜ்', 'நைஸ்', 'வைட்' போன்ற சொற்கள் 'ஈ' என்ற எழுத்தில் முடிவதால் அவற்றுக்கு 'ஆர்' மட்டும் போதும். இதில் பெரிதாக ஒன்றுமில்லை. சிக்கல் தருவது கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டுமா என்ற கேள்வி.

இதற்கு நம் புணர்ச்சி விதியையே துணைக்கு அழைக்கலாம். கண் என்பதோடு அழகு சேர்ந்தால் 'கண்ணழகு' என்று ஒற்று இரட்டிக்கிறது. கால் என்பதோடு அழகு சேர்ந்தால் 'காலழகு' என்றுதான் ஆகிறது, இரட்டிப்பதில்லை. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வரும்போது இரட்டும். நெடிலை அடுத்த ஒற்று இரட்டாது. ஆங்கிலத்தில் 'தின்' என்ற சொல்லில் ஒரே ஓர் உயிரெழுத்தும் அதன்பின் ஒரே ஒரு மெய்யெழுத்தும் உள்ளன. ஆகவே 'தின்னர்' என்று எழுதும்போது 'என்' இரட்டிக்கிறது. 'கிளீன்' என்ற சொல்லில் ஈ, ஏ என இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து நெடிலாக ஒலிக்கின்றன. ஆகவே 'கிளீனர்' என்பதில் ஒரே 'என்' தான். இந்த ஒப்புமையை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து, இரட்டிப்பு விதியை மாணவர்களுக்கு இரண்டாம் முறை விளக்க வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே வந்திருக்கிறது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது ஒலியை மட்டும் அன்று, எழுதப்படும் எழுத்துகளையும்தான். 'ஹாட்' நம் காதில் நெடிலாகக் கேட்டாலும், எழுத்தில் 'ஓ' ஒன்றும் 'டி' ஒன்றும் இருப்பதால் 'டி' இரட்டிக்கும். 'பிக்', 'ஃபேட்', 'வெட்', 'சேட்', 'ரெட்' ஆகியவையும் அப்படியே. 'கோல்ட்', 'தின்' என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்: முன்னதில் கடைசியில் எல், டி என இரண்டு மெய்கள் ஏற்கெனவே இருப்பதால் மேலும் ஒன்றுக்கு இடமில்லை. 'ஸ்லோ', 'லோ', 'நியூ' ஆகியவை 'டபிள்யூ' என்ற எழுத்தில் முடிகின்றன. அந்த எழுத்து இரட்டிப்பதே இல்லை. இன்னொரு செய்தி: ஆங்கிலத்தில் எழுத்து இரட்டிக்கிறதே தவிர, நாம் 'கண்ணழகு' என்று அழுத்திச் சொல்வதுபோல ஒலி இரட்டிப்பதில்லை. மேலே 'சீப்பர்' என்று நான் எழுதியதில் வரும் ஒற்று, 'பி' என்ற எழுத்தின் வல்லோசையைத் தமிழில் காட்டுவதற்காக வந்தது. ஆங்கிலத்தில் அங்கே ஒரே ஒரு 'பி' தான்.

ஆங்கிலத்தில் இந்த இரட்டிப்பு எதற்காக என்றால், அதுவும் குறிலைக் காப்பதற்காகத்தான். ஓர் உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யும் அதன்பின் 'ஈ' என்ற எழுத்தும் வந்தால், ஆங்கிலம் படிப்பவர் அந்த உயிரை நீட்டி வாசிக்க முனைவார். 'பிறகு' என்று பொருள்படும் 'லேட்டர்' என்ற சொல்லில் ஒரே 'டி' இருக்கிறது. 'இரண்டில் பின்னது' என்று பொருள்படும் சொல்லில் 'டி' இரண்டு. அதன் உயிர் குறுகி ஒலிக்கும். ஓர் எழுத்து குறைந்ததால் சொல்லே வேறாகிப்போவதை இந்த இணையில் காணலாம்.

'ஒய்' என்ற எழுத்தில் முடியும் சொற்களில், அதற்கு முந்தைய எழுத்து மெய்யாக இருந்தால் 'ஒய்' மறைந்து 'ஐ' என்ற எழுத்து வரும். அதன்பின் ஈ-ஆர் சேரும். ஹாப்பியர், ஈஸியர், ஹெவியர், பிஸியர், காஸ்ட்லியர் என்பவை அப்படி அமைந்தவை.

நான்காம் படி: ஈரசைச் சொற்கள்

இப்போது சொன்ன 'ஒய்' சொற்கள் ஈரசையுடையவை. அவை ஈ-ஆர் பெறும் என்று உறுதியாகக் கொள்ளலாம். கிளெவர், நேரோ, சிம்பிள், ஜென்டில், குவையட் ஆகியவையும் ஈ-ஆர் பெறுவது வழக்கம். ஃபுல், லெஸ், அஸ், இங், எட் என்ற ஈறுகளைக் கொண்ட சொற்கள் 'மோர்' பெறும்: மோர் கேர்ஃபுல், மோர் ஃபேமஸ், மோர் போரிங். 'டயர்ட்', 'போர்ட்' போன்றவை குறுகியவையாக ஒலித்தாலும், வினையிலிருந்து பிறந்த எட் ஈற்றுச் சொற்கள் என்பதால் 'மோர் டயர்ட்', 'மோர் போர்ட்' என்றே வரும். 'பொலைட்', 'காமன்' போன்ற சில சொற்களுக்கு இரண்டு வழியும் சரி. ஐயம் வரும் இடத்தில் ஈரசைச் சொல்லுக்கு 'மோர்' போடுவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு என்று நான் அறிவுறுத்துவேன். ஓர் அசைச் சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓல்ட், கோல்ட், லாங் போன்ற சொற்கள் ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய அடித்தளத்தைச் சேர்ந்தவை. ஈறு சேர்ப்பது அந்த அடித்தளத்தின் வழக்கம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீண்ட சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அவற்றின் வாலில் மேலும் ஓர் ஈற்றைக் கட்டுவதைவிட, முன்னால் ஒரு தனிச் சொல்லை வைப்பது எளிதாக இருந்தது. பிறப்பிடம் மட்டுமே விதி என்று கொள்ள வேண்டாம். 'லார்ஜ்', 'நைஸ்' இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை. குறுகியவை என்பதால் ஈ-ஆர் பெறுகின்றன.

மேலே சொன்ன மாணவியின் 'மோர் ஓல்டர்' என்ற பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் உட்பட, இத்தகைய இரட்டை ஒப்பீடு வலியுறுத்தலுக்காக வந்ததுண்டு. 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் அதைத் தள்ளினார்கள். இன்றைய பொது ஆங்கிலத்தில் அது பிழையே. நம்மவர்கள் அப்படி எழுதுவதற்கு 'இன்னும்' என்ற தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 'இன்னும் பெரியது' என்று நினைக்கும் மனம், 'இன்னும்' என்பதற்கு 'மோர்' என்று எழுதிவிட்டுப் பிறகு 'பிக்கர்' என்கிறது. அந்த 'இன்னும்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'ஈவன்': 'ஈவன் பிக்கர்'.

ஐந்தாம் படி: விதிக்கு அடங்காதவை

இவை சிலவே, மனப்பாடம் செய்துவிடுவதுதான் வழி. குட் என்பது பெட்டர் ஆகும். பேட் என்பது வொர்ஸ் ஆகும். லிட்டில் என்பது லெஸ் ஆகும். மச், மெனி இரண்டும் மோர் ஆகும். ஃபார் என்பதற்கு ஃபார்தர், ஃபர்தர் என இரண்டு வடிவங்கள் உண்டு. தொலைவுக்கு இரண்டும் பொருந்தும், 'மேற்கொண்டு' என்ற பொருளுக்கு ஃபர்தர் மட்டுமே. எண்ணக்கூடிய பொருள் குறைவு என்றால் 'ஃபியூவர்', எண்ண முடியாதது குறைவு என்றால் 'லெஸ்' என்பது எழுத்து வழக்கு: ஃபியூவர் புக்ஸ், லெஸ் வாட்டர்.

'பெட்டர்' என்பதற்குத் தமிழில் ஓர் அழகான இணை இருக்கிறது. நோயாளியிடம் 'இப்போது உடம்பு தேவலையா?' என்று கேட்கிறோம். 'எதை விட' என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை, நேற்றை விட என்பது இருவருக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் 'ஆர் யூ ஃபீலிங் பெட்டர்?' என்று கேட்டால் போதும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது வெளிப்படையாக இருக்கும் இடத்தில் 'தேன்' என்ற பகுதியை விட்டுவிடலாம். பெயரடையின் மாற்றத்தை மட்டும் எங்கும் விட முடியாது.

'எல்டர்' என்ற சொல்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். அக்காவையும் அண்ணனையும் குறிக்க 'மை எல்டர் சிஸ்டர்', 'மை எல்டர் பிரதர்' என்று பெயருக்கு முன்னால் எழுதலாம். ஆனால் 'எல்டர் தேன் மீ' என்பதும், நம் பக்கத்தில் பரவலாகக் கேட்கும் 'எல்டர் டு மீ' என்பதும் பொது ஆங்கிலத்துக்கு ஏற்றவை அல்ல. அங்கே 'ஓல்டர் தேன் மீ' என்று எழுத வேண்டும். மாறாக சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்று வந்தவை. அவற்றுக்கு 'மோர்' சேராது, 'தேன்' வராது, 'டு' தான் வரும். 'அவர் எனக்கு சீனியர்' என்று நாம் சொல்லும்போது வரும் நான்காம் வேற்றுமை 'கு', 'சீனியர் டு மீ' என்பதில் உள்ள 'டு' என்ற சொல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ் மனம் சொல்வதை அப்படியே நம்பலாம்.

ஆறாம் படி: எவ்வளவு என்று சொல்லுதல்

'பஸ்ஸை விட ரயில் ரொம்ப மலிவு' என்ற வாக்கியத்தின் 'ரொம்ப' என்பதற்கு 'வெரி' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் 'வெரி' வராது. 'மச் சீப்பர்', 'ஃபார் சீப்பர்', 'எ லாட் சீப்பர்' என்பவையே சரி. 'கொஞ்சம்' என்பதற்கு 'எ லிட்டில்', 'எ பிட்', 'ஸ்லைட்லி' என்பவை உண்டு. அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், அளவைப் பெயரடைக்கு முன்னால் வையுங்கள். கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். 'ஆனைமுடி இஸ் 58 மீட்டர்ஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா' என்று எழுதலாம். 'த்ரீ இயர்ஸ் ஓல்டர்', 'டென் ருபீஸ் சீப்பர்' என்பவையும் இதே அமைப்புதான்.

ஏழாம் படி: இணையானதோடு இணையானதை வைத்தல்

'சென்னையின் வெயில் பெங்களூரை விடக் கடுமை' என்று தமிழில் சொன்னால் யாரும் பிழை காண்பதில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் வெயிலை ஒரு நகரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். வெயிலோடு வெயிலை ஒப்பிட வேண்டும்: 'சென்னைஸ் சம்மர் இஸ் ஹாட்டர் தேன் பெங்களூருஸ்'. கட்டுரை நடையில் 'தேன் தட் ஆஃப் பெங்களூரு' என்றும் எழுதலாம். எழுதி முடித்ததும் 'தேன்' என்ற சொல்லின் இரு பக்கமும் நிற்பவை ஒரே இனமா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு குழுவுக்குள் இருக்கும் ஒன்றை அதே குழுவோடு ஒப்பிடும்போது 'அதர்' என்ற சொல் அவசியம். 'சென்னை இஸ் லார்ஜர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு' என்பதில் 'அதர்' விடுபட்டால், சென்னை தன்னைவிடவும் பெரியது என்று பொருள் வந்துவிடும். ஒப்பிடும் குழு கேரள நகரங்கள் என்றால் 'அதர்' தேவையில்லை. சென்னை அந்தக் குழுவில் இல்லை.

'தேன் மீ', 'தேன் ஐ' என்ற சச்சரவில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பேச்சில் 'ஓல்டர் தேன் மீ' இயல்பானது. தேர்வில் 'ஓல்டர் தேன் ஐ ஆம்' என்று வினையோடு எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

எட்டாம் படி: குறைவைச் சொல்லுதல், கூடிக்கொண்டே போவதைச் சொல்லுதல்

'லெஸ் எக்ஸ்பென்சிவ்' என்று நீளச் சொற்களோடு 'லெஸ்' இயல்பாக வரும். குறுஞ்சொற்களுக்கு 'நாட் ஆஸ் கோல்ட் ஆஸ்' என்ற அமைப்பே பேச்சில் மிகுதி. 'ஊட்டி அளவுக்குக் குளிர் இல்லை' என்று நாம் சொல்வதற்கு அதுதான் நேர். இந்த அமைப்பில் பெயரடை மாறவே கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'நாளுக்கு நாள் குளிர் கூடுகிறது' என்பதற்கு 'கோல்டர் அண்ட் கோல்டர்' என்று வடிவத்தை இருமுறை சொல்ல வேண்டும். நீளச் சொல்லானால் 'மோர் அண்ட் மோர் எக்ஸ்பென்சிவ்'. 'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்பதற்கு 'தி சூனர் தி பெட்டர்'. நம் 'எவ்வளவு, அவ்வளவு' இணைக்கு ஈடாக அங்கே இரண்டு 'தி' நிற்கின்றன. ஒன்றை விட்டாலும் தொடர் உடைந்துவிடும்.

பயிற்சி

சந்தைக்குப் போகும்போது செய்யக்கூடிய ஒரு பயிற்சியை என் மாணவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். நாட்டுத் தக்காளியும் பெங்களூர்த் தக்காளியும் அடுத்தடுத்த குவியலாக இருக்கும் கடையின் முன் நின்று, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். பெங்களூர்த் தக்காளி விரலுக்குக் கெட்டியாக இருக்கும்: 'ஃபர்மர்'. நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் கூடுதல்: ஒன்றுக்கு 'ஜூஸியர்', மற்றதற்கு 'மோர் சவர்'. எது சிவப்பு என்று பாருங்கள்: 'ரெட்டர்', 'டி' இரண்டு. விலையைக் கேளுங்கள்: 'சீப்பர்', அல்லது 'மோர் எக்ஸ்பென்சிவ்', எத்தனை ரூபாய் வேறுபாடு என்பதையும் முன்னால் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் இந்த ஐந்தையும் 'தேன்' வைத்து முழு வாக்கியங்களாக எழுதுங்கள். பிறகு பெயரடையின் கீழ் ஒரு கோடும், 'தேன்' என்பதன் கீழ் ஒரு கோடும் போடுங்கள். வாக்கியம் ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள் இருக்க வேண்டும். பெயரடையின் கோட்டுக்கு மேலே ஈ-ஆர், 'மோர்' ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்கும்போது ஈ-ஆர் என்ற ஈற்றையும் 'தேன்' என்ற சொல்லையும் அழுத்தாமல் லேசாகத் தொட்டுவிட்டு, 'ஃபர்ம்', 'சீப்' என்ற பகுதியில் குரலை ஊன்றுங்கள்.